சிங்கத்தின் மறுபாதி

பினாங்கில் பழைய டவுன் ஹால் பக்கம் போனவர்கள் அங்குள்ள நீரூற்றைப் பார்த்திருப்பார்கள். 1883இல் கோ சியாங் தாட் என்ற சீனச் செல்வந்தர் நகராட்சிக்குக் கொடுத்தது அது. ஜார்ஜ் டவுனின் முதல் சீனக் கப்பித்தானாக, அதாவது சீனச் சமூகத் தலைவராக இருந்த கோ லே ஹுவானின் வழியில் வந்தவர் அவர். கொடுத்தவர் பெயரும் கொடுத்த ஆண்டும்தான் அந்த நீரூற்றின் வரலாறு. அதற்குப் பின்னால் ஊர்க்கதை எதுவும் இல்லை.

ஊர்க்கதையிலிருந்து பிறந்த நீரூற்றைக் காண வேண்டுமானால் தீபகற்பத்தின் தென்கோடிக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில், சிங்கத் தலையும் மீன் உடலுமாக நின்று வாயிலிருந்து நீரைப் பாய்ச்சிக்கொண்டிருக்கும் மெர்லயன்தான் அது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போகும் எவரும் அதன்முன் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. வழிகாட்டிகள் சொல்லும் கதையும் அநேகமாக எல்லோருக்கும் மனப்பாடம்: பலெம்பாங் இளவரசன் ஒருவன் இந்தத் தீவில் சிங்கத்தைக் கண்டான், அதனால் சிங்கபுரம் என்று பெயரிட்டான், மீன் உடல் பழைய கடற்கரைப் பட்டினத்தைக் குறிக்கிறது. அரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

அந்த அரை நிமிடக் கதை தவறல்ல. ஆனால் அது பாதிக் கதை. அது எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நூலே இளவரசனுக்கு முந்தைய கதையையும் விரிவாகச் சொல்கிறது. அந்த முன்கதையில் ஒரு சோழன் இருக்கிறான்.

முதலில் சிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சுற்றுலா மேம்பாட்டு வாரியம் 1964இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் வாரியத்துக்கான சின்னமாக மெர்லயன் வரையப்பட்டது. வரைந்தவர் ஃபிரேசர் புரூனர். வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த அவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். மீன்களை ஆராய்ந்து வகைப்படுத்துவதில் பேர்பெற்ற விஞ்ஞானி. சின்னத்தைச் சிலையாக்கத் திட்ட வரைவு தந்தவர், பிற்பாடு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய குவான் சாய் கியோங். வடித்தவர் சிற்பி லிம் நாங் செங். 1971 நவம்பரில் தொடங்கிய வேலை 1972 ஆகஸ்டில் முடிந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ அதைத் திறந்துவைத்தார். உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன்.

அதன் அருகே போய் உற்றுப் பார்க்க வேண்டும். உடல் சிமெண்டுக் கலவையில் எழுப்பியது. மேலே மின்னும் செதில்கள் பீங்கான் தட்டுகள். கண்கள் இரண்டும் சின்னஞ்சிறு சிவப்புத் தேநீர்க் கோப்பைகள். பெருஞ்சிலையின் அருகிலேயே 2 மீட்டர் உயரத்தில் ஒரு குட்டியும் உண்டு. சாப்பாட்டுத் தட்டையும் தேநீர்க் கோப்பையையும் வைத்து ஒரு நாட்டின் அடையாளத்தைச் செய்துவிட்ட அந்தச் சிற்பியின் கைத்திறனை, கூட்டத்தில் நின்று படம் எடுக்கும் அவசரத்தில் நாம் கவனிப்பதே இல்லை.

1997இல் எஸ்பிளனேட் பாலம் கட்டப்பட்டபோது கடல் பக்கமிருந்து பார்த்தால் சிலை தெரியாமல் போயிற்று. அடுத்த ஆண்டு நீர் பாய்ச்சும் பம்பும் பழுதாகிவிட, சில ஆண்டுகள் சிங்கத்தின் வாய் உலர்ந்தே கிடந்தது. 2002 ஏப்ரலில் எழுபது டன் சிலையை அப்படியே தூக்கி 120 மீட்டர் தள்ளி, இப்போது நிற்கும் ஃபுல்லர்ட்டன் கரைக்குக் கொண்டுவந்தார்கள். திறந்துவைத்த அதே செப்டம்பர் 15ஆம் தேதியில், முப்பது ஆண்டு கழித்து, அதே லீ குவான் யூ வந்திருக்க மீண்டும் நீர் பாய்ந்தது. 2009இல் ஒரு பிற்பகலில் மின்னல் தாக்கித் தலையில் ஓட்டை விழுந்தது. சில வாரங்களில் சரிசெய்துவிட்டார்கள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு மெர்லயனைச் சுற்றுலா வாரியம் செய்த பொம்மை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வாரியம் செய்ததுதான், அதை யாரும் மறைக்கவில்லை. சிங்கமும் மீனும் கலந்த உருவம் உலகத்துக்குப் புதியதும் அல்ல. 1596இல் ஸ்பெயின் அரசர் மணிலா நகருக்கு வழங்கிய சின்னத்தில் பாதிச் சிங்கமும் பாதி மீனுமான ஒரு விலங்கு வாளேந்தி நிற்கிறது. 1600இல் லண்டனில் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் சின்னத்தைத் தாங்கி நின்றவையும் மீன்வால் கொண்ட இரண்டு சிங்கங்கள்தாம். பினாங்குத் தீவில் 1786இல் கொடி நட்டதும், எங்கள் ஊரான தாசேக் கெலுகோர் அடங்கிய செபராங் பிறை நிலப்பகுதியை 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்றதும் அந்தக் கம்பெனியே. ஆகவே உருவம் யாருடையது என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. கதை யாருடையது என்ற கேள்விதான் நம்மைத் தொலைதூரம் கூட்டிப்போகிறது.

அந்தக் கதை செஜாரா மெலாயு என்ற மலாய் நூலில் இருக்கிறது. ஜொகூர் அரசவையில் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடும் 1612ஆம் ஆண்டோடும் சேர்த்துச் சொல்லப்படும் நூல். மலாக்கா அரசர்களின் குலப்பெருமை, அவையொழுக்கம், போர், காதல், சூழ்ச்சி எல்லாம் கலந்த உரைநடைக் களஞ்சியம். பிரதிக்குப் பிரதி பெயர்களும் தலைமுறைக் கணக்கும் மாறும். முக்கியமான பிரதிகளில் ஒன்று லண்டனில் உள்ள ராயல் ஆசியக் கழகத்தில் இருக்கிறது. 2001இல் யுனெஸ்கோ இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இளவரசனின் கதை இப்படிப் போகிறது. பிந்தான் தீவில் தங்கியிருந்த சாங் நீல உத்தமா, ஸ்ரீ திரிபுவனன் என்றும் பெயர் பெற்றவன், வேட்டைக்குப் போன இடத்தில் உயர்ந்த பாறை ஒன்றின்மேல் ஏறிப் பார்க்கிறான். கடலுக்கு அப்பால் வெள்ளைத் துணி விரித்தாற்போல ஒரு மணற்கரை. அது தெமாசெக் என்கிறார்கள். மரக்கலம் ஏறுகிறான். நடுவழியில் புயல். கலத்தில் நீர் புகுகிறது. ஏற்றிவந்த பண்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடலில் எறிகிறார்கள், நீர் குறையவில்லை. கடைசியில் மிஞ்சியது அவன் தலையிலிருந்த மணிமுடி ஒன்றுதான். அதையும் கழற்றிக் கடலில் போடுகிறான். உடனே புயல் அடங்குகிறது. முடியில்லாத அரசனாகக் கரையேறுகிறவன், கரையில் ஒரு விலங்கைப் பார்க்கிறான். செந்நிற உடல், கருந்தலை, வெண்ணிற மார்பு, ஆட்டுக்கிடாயைவிடச் சற்றுப் பெரியது, கணத்தில் மறைந்துவிடுகிறது. அது என்ன விலங்கு என்று உடனிருந்த எவருக்கும் தெரியவில்லை. பழங்காலத்தில் சிங்கம் இப்படித்தான் இருந்ததாகக் கேள்வி என்கிறார் தெமாங் லேபார் தாவுன் என்ற பெரியவர். அந்த ஒரு சொல்லில் நகருக்குப் பெயர் அமைகிறது.

சிங்கம் அந்தத் தீவில் வாழ்ந்ததே இல்லை. புலிதான் இருந்தது, கடைசிப் புலிகள் 1930 வாக்கில் சுடப்பட்டன. அவன் பார்த்தது புலியாகத்தான் இருக்கும் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். இந்த ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. அரச குலத்தின் தொடக்கத்தைச் சொல்லும் கதையில் சிங்கம் வருவது விலங்கியல் செய்தியன்று, அரசுரிமைச் செய்தி. சிங்கம் தாங்கும் இருக்கையை அரியணை என்று அழைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1928இல் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பதினான்காம் நூற்றாண்டுப் பொன் நகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு தோள்வளையில் இருப்பது நம் கோயில் கோபுரங்களில் காணும் கீர்த்திமுகத்தின் ஜாவா வடிவம். அரசன் தோளில் சிம்மமுகம் அணிந்து நடமாடிய ஊர் அது என்பதற்கு அந்தப் பொன் சாட்சி.

கதையின் மென்மையான முகத்துக்குப் பின்னால் கொடிய முகமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவிலிருந்து எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ், பலெம்பாங்கிலிருந்து தப்பி வந்த பரமேசுவரன் சிங்கப்பூரின் தலைவனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான், பிறகு விரட்டப்பட்டான் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அரசவையில் இருந்து எழுதியவர்களுக்கு அந்தக் கொலை தேவைப்படவில்லை. அதன் இடத்தில் புயலும் மணிமுடியும் சிங்கமும் வந்து நின்றுகொண்டன என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

சரி, இந்த நீல உத்தமா யார்? இங்கேதான் வழிகாட்டிகள் நிறுத்திவிடுகிறார்கள். நூல் நிறுத்தவில்லை.

நூலின் முதற்பகுதியில் கலிங்க நாட்டிலிருந்து ஒரு பேரரசன் பெரும்படையோடு கிழக்கே புறப்படுகிறான். சில பிரதிகளில் அவன் பெயர் ராஜா சூலான்; சிலவற்றில் ராஜா சூரன். கலிங்கம் என்று அந்தக் கால மலாய் நூல்கள் சொல்வது தென்னிந்தியக் கரை முழுவதையும் சேர்த்து. நாகப்பட்டினம் பெயர் சொல்லியே வருகிறது. அந்த அரச வழியினர் பேராக் கரையில் கங்கா நகரத்தைத் தாக்கி அதன் அரசனைக் கொல்கிறார்கள். பிறகு ஜொகூர்ப் பக்கத்தில் கருங்கல் கோட்டை கொண்ட கிளாங் கியூவைப் பிடித்து அந்த அரசனின் மகளை மணமுடிக்கிறார்கள். கடைசியில் படை தெமாசெக் வந்து சேர்கிறது. அடுத்த குறி சீனம்.

செய்தி சீனப் பேரரசனுக்கு எட்டுகிறது. எதிர்த்து நிற்க முடியாது என்று கலங்கும் அவையில் ஓர் அமைச்சர் யோசனை சொல்கிறார். ஒரு கப்பலில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளை நிறைக்கிறார்கள். காய்த்துக் குலுங்கும் பழமரங்களைக் கப்பலில் நட்டுவைக்கிறார்கள். பல் போன கிழவர்களை மாலுமிகளாக ஏற்றித் தெமாசெக்குக்கு அனுப்புகிறார்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று அரசனின் ஆட்கள் கேட்கிறார்கள். புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் வழியில் விதையாய் ஊன்றியவை, இந்த ஊசிகள் எல்லாம் அப்போது கை தடிமன் இரும்புக் கம்பிகள், வரும் வழியில் துருவேறித் தேய்ந்துவிட்டன என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று மலைத்துப் படையைத் திருப்பிக்கொள்கிறான் அரசன். உலகத்தையே வெல்லக் கிளம்பிய சோழப் படை ஒரு கப்பல் ஊசிக்குத் தோற்றுத் திரும்பிய இடம், அந்நூலின் கணக்கில், இன்றைய சிங்கப்பூர்.

நிலத்தில் இனி வெல்ல ஒன்றுமில்லை என்று கருதிய அரசன் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறான். உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும்படியான கண்ணாடிப் பேழை ஒன்று செய்யச் சொல்லி, அதில் அமர்ந்து ஆழியின் அடிக்குப் போகிறான். அங்கே ஒரு நாடு, ஒரு நகரம், ஓர் அரசன். அந்தக் கடலரசனின் மகள் மஹ்தாபுல் பஹ்ரியை மணக்கிறான். மூன்று ஆண்மக்கள் பிறக்கிறார்கள். தன் குலம் மேலுலகில் அற்றுப்போகக் கூடாதே என்ற கவலையில், கடலில் பிறந்த பறக்கும் குதிரை ஒன்றில் ஏறி நிலத்துக்குத் திரும்புகிறான். திரும்பியவன் நடந்ததை எல்லாம் ஒரு கல்லில் பொறிக்கச் சொல்கிறான்.

பின்னொரு நாள் பலெம்பாங்கில் சகுந்தாங் குன்றின்மேல் ஓர் இரவு பேரொளி தோன்றுகிறது. வான் எம்போக், வான் மாலினி என்ற இரண்டு கைம்பெண்கள் காலையில் போய்ப் பார்த்தால் அவர்களுடைய வயலில் நெல்மணி பொன்னாகவும் இலை வெள்ளியாகவும் மாறியிருக்கிறது. அங்கே மூன்று இளைஞர்கள் நிற்கிறார்கள். தங்களை மாவீரன் இஸ்கந்தரின், அதாவது அலெக்சாந்தரின், வழியினர் என்றும், கடலுக்குள் போன அந்த அரசனின் மக்கள் என்றும் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். பிரதியைப் பொறுத்து, அந்த மூவரில் ஒருவன் நீல உத்தமா, அல்லது ஒருவனின் மகன் நீல உத்தமா.

ஆக, தெமாசெக்கில் சிங்கத்தைக் கண்டதாகச் சொல்லப்படும் இளவரசன் தந்தை வழியில் சோழக் கதையையும் தாய் வழியில் கடலரசனின் மகளையும் சேர்ந்தவன். மெர்லயனின் கீழ்ப்பாதியை வரைந்தபோது புரூனர் இதை நினைத்திருக்க மாட்டார். கடற்பட்டினத்தைக் காட்டத்தான் மீன் உடலை வைத்தார். ஆனாலும் செஜாரா மெலாயுவை முழுக்கப் படித்த ஒருவர் அந்தச் சிலையைப் பார்த்தால் மேல்பாதிக்கு எவ்வளவு கதை உண்டோ அவ்வளவு கீழ்ப்பாதிக்கும் உண்டு என்பதைக் காண்பார். சோழர் செப்பேட்டு முத்திரைகளில் அமர்ந்த புலியும் பாண்டியரின் இரட்டை மீனும் அருகருகே இருப்பது தமிழர்க்கு நினைவு வரும். இதைச் சிலையோடு முடிச்சுப்போட நான் முயலவில்லை. கண்ணுக்குப் படுகிறது, சொல்கிறேன்.

இந்தக் கதையின் அடியில் வரலாறு எவ்வளவு? முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அந்த ஊர்களை வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் முதலியவை. இவற்றில் கடாரம் எங்களுக்கு அடுத்த வீடு. தாசேக் கெலுகோரிலிருந்து வடக்கே போய் மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களும் சுங்கை பத்துவின் இரும்பு உருக்கிய உலைகளும் கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகும் குடும்பங்கள் உண்டு. ஆற்றின் இந்தப் பக்கத்திலும் தடயங்கள் குறைவில்லை. புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குன் பாறையில் பல்லவ எழுத்தில் சமஸ்கிருத வரிகள் இருக்கின்றன. புத்தகுப்தன் என்ற மாகடலோடியின் பெயர் பொறித்த கல்லும் இந்தச் செபராங் பிறையில் கிடைத்ததுதான். ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்தது, இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படையெடுப்புக்கு முன்னால் நட்பும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் அந்தக் கொடையின் ஆவணம். ஒரு தலைமுறையில் விகாரம், அடுத்த தலைமுறையில் போர்க்கலம்.

தஞ்சைக் கல்வெட்டின் பட்டியலில் தெமாசெக் இல்லை. சோழர் கல்வெட்டில் கடாரம், மலாய் நூலில் தெமாசெக்; இடம் நகர்ந்திருக்கிறது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் வாய்வழியாக நடந்து வந்த நினைவு அது. வரும் வழியில் இஸ்கந்தரோடு கலந்தது, இஸ்லாமியக் கதைமரபோடு கலந்தது, கடைசியில் மலாக்கா அரசர்களின் குலமுறைக்குள் வந்து அமர்ந்தது. தோற்ற நாட்டார், வென்றவனின் பெயரை அழிக்காமல் தங்கள் மூதாதையாக ஆக்கிக்கொண்டார்கள். பகைவனை உறவாக்கிக்கொள்ளும் இந்தத் துணிச்சல் எனக்குப் போர் வெற்றியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மெர்லயன் நிற்கும் ஆற்று முகத்துவாரத்தைப் பற்றி அந்த நூலில் இன்னொரு கதையும் உண்டு. சிங்கபுரத்தில் பாடாங் என்ற பலசாலி இருந்தான். அவன் புகழ் கேட்டுக் கலிங்க அரசன் தன் மல்லனை ஏழு கப்பலோடு அனுப்புகிறான். தோற்றால் ஏழு கப்பலும் பாடாங்குக்கு. அரண்மனை முன் கிடந்த பெருங்கல்லைக் கலிங்கத்து மல்லன் முழங்கால் வரை தூக்கிப் போட்டுவிடுகிறான். பாடாங் அதை அலட்சியமாகத் தூக்கிச் சுழற்றி எறிகிறான். கல் ஆற்று முகத்துவாரத்தில் போய் விழுகிறது. பிற்காலத்தில் பாடாங் இறந்ததும் அவன் கல்லறைக்கு வைக்கக் கலிங்க அரசனே இரண்டு கல்தூண்கள் அனுப்பிவைத்தானாம்.

அந்த முகத்துவாரத்தில் உண்மையாகவே ஒரு கல் இருந்தது. 1819இல் காடு வெட்டியவர்கள் கண்ணில் பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். அதில் ஐம்பது வரிக்குக் குறையாமல் எழுத்து. எவராலும் படிக்க முடியவில்லை. 1843இல் ஆற்றின் வாயை அகலப்படுத்தவும் கோட்டை வேலைக்கும் இடம் வேண்டும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்துவிட்டார். சில துண்டுகளை மட்டும் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். எஞ்சிய ஒரு துண்டு இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எழுத்து எந்த மொழி, எந்த நூற்றாண்டு என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. பழைய ஜாவா மொழி என்றும் சுமத்திரா எழுத்து என்றும் பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்கு வரை பல கணிப்புகள் உள்ளன. 2019இல் சிங்கப்பூரில் வெளிவந்த, தென்கிழக்காசியத் தமிழர் பற்றிய கட்டுரைத் தொகுப்பில் ஆய்வாளர் இயன் சின்கிளேர் ஒரு புதிய வாசிப்பை முன்வைத்தார். மிஞ்சிய துண்டில் ‘கேசரிவ’ என்ற எழுத்துத் தொடர் தெரிகிறது, அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள், ராஜேந்திரன் பரகேசரி. இதை முடிவான உண்மை என்று கொள்ளக் கூடாது. சில எழுத்துகளை வைத்து ஒரு பேரரசை நிறுத்த முடியாது. ஆனால் கடலுக்குள் போய் வந்த அரசன் கல்லில் எழுதச் சொன்னான் என்ற கதையையும், முகத்துவாரத்தில் இருந்த கல்லையும், அதில் ‘கேசரி’ என்ற சிங்கப் பட்டத்தின் சாயலையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆய்வு இன்னும் நடக்க வேண்டிய இடம் அது என்று தோன்றாமல் இராது.

கல் உடைக்கப்பட்டதை எண்ணி வருந்தி எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்து தங்கிய குடும்பத்தின் வழியினர். 1849இல் அச்சான தன்வரலாற்று நூலில் அந்தக் கல்லை விவரிக்கிறார். பின்னால் வரும் அறிஞர் ஒருவர் படித்திருக்கக் கூடியதை, மீண்டும் உண்டாக்க முடியாததை, ஒரு நொடியில் அழித்துவிட்டார்களே என்பது அவர் ஆற்றாமை. செஜாரா மெலாயுவைச் சிங்கப்பூரில் முதலில் அச்சேற்றியவரும் அதே அப்துல்லாதான்.

அந்நூல் ஆங்கிலத்துக்குப் போன வழியில் பினாங்கு இருக்கிறது. அதை மொழிபெயர்த்த ஜான் லெய்டன் 1805இல் உடல்நலம் தேறப் பினாங்குக்கு வந்து, அங்கே அலுவலராக இருந்த, பிற்பாடு 1819இல் சிங்கப்பூரில் இறங்கிய ராஃபிள்ஸ் வீட்டில் தங்கினார். பின்னர் கல்கத்தாவில் லெய்டனுக்கு மலாய் முன்ஷியாக இருந்த இப்ராஹிம், பினாங்கில் கண்டு என்பவரின் மகன். சூலியா குடும்பம், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். அவருடைய சகோதரர் அஹ்மத் ரிஜாலுதீன் 1810இல் வங்காளம் போய்ப் பார்த்ததை மலாய் உரைநடை நூலாகவே எழுதினார். லெய்டன் 1811இல் ஜாவாவில் இறந்தார். மொழிபெயர்ப்பு 1821இல் அச்சில் வந்தது. நீல உத்தமாவின் கதை உலகத்துக்குத் தெரிந்தது அந்த நூலால்.

சிலையைப் பற்றிய கவிதை வழியிலும் இதே இழை ஓடுகிறது. மெர்லயனைச் சிங்கப்பூர் இலக்கியத்தின் தவிர்க்க முடியாத பாடுபொருளாக்கியது எட்வின் தம்பு 1979இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிதை. தம்புவின் தந்தை தமிழர், பள்ளி ஆசிரியர். தாய் சீன மரபினர். அந்தக் கவிதைக்குப் பின்னால் சிங்கப்பூரில் எழுத வந்த ஒவ்வொரு தலைமுறையும் சிலையைப் போற்றியோ மறுத்தோ ஒரு கவிதை எழுதியே தீர்ந்தது. பொய்யான சின்னம் என்று சினந்து எழுதியவர்களும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனைக்காகச் செய்த உருவம் அது. என்றாலும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தேடி வந்து நின்று, கவிஞர்கள் சண்டையிட்டு, பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் வரைந்து பழகிய பிறகு ஒரு சிலை அதைச் செய்தவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை.

2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் அவர் சிலைக்கருகே நால்வரின் சிலைகளைச் சில காலம் வைத்திருந்தார்கள். சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, சீன வணிகர் டான் டோக் செங், நாராயண பிள்ளை. நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலேறிப் போனவர். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளையை அமைத்தவர், மாரியம்மன் கோயிலை நிறுவியவர். சோழ வழித்தோன்றல் என்று மலாய் நூல் சொல்லும் இளவரசனும், அந்த நூலை அச்சிட்ட நாகூர் வழியினரும், பினாங்குத் தமிழரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை அமைத்தவர்கள் இந்தத் தொடர்பை எண்ணியிருந்தார்களோ இல்லையோ, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது இருந்தது.

இதை வைத்துச் சிங்கப்பூரைத் தமிழன்தான் உண்டாக்கினான் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. செஜாரா மெலாயு மலாய் அவைக்காக மலாய்ப் புலவர்கள் எழுதிய நூல். சோழன் அதில் விருந்தாளி, வீட்டுக்காரன் அல்லன். அவனை ஊசிக் கப்பலால் ஏமாற்றித் திருப்பி அனுப்பவும் அந்த நூலுக்குத் தயக்கம் இல்லை. பெருமை பேசுவதற்காக அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வதும், நேரமில்லை என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடுவதும் நூலுக்குச் செய்யும் ஒரே மாதிரியான அநீதி.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நீல உத்தமாவின் கதையைச் சொல்லும் வகுப்பில் கண்ணாடிப் பேழையையும் ஊசிக் கப்பலையும் பாடாங்கின் கல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள். மலாய்த் தோழர்களிடம் போய்ச் சொல்லவும் அவர்களுக்கு ஒரு பொதுக்கதை கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் மெர்லயனைப் பார்க்கும் அதே நாளில் தேசிய அரும்பொருளகத்துக்கும் போய் வாருங்கள். நடந்தே போகலாம். உடைந்து மிஞ்சிய அந்தக் கல் துண்டு அங்கே இருக்கிறது.